கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வழியாகக் கோட்டைக்கு

சிவபாதசுந்தரம் வாயால் கெட்டவர். கெட்ட வார்த்தை பேசிக் கெட்டவரல்ல, அலுத்துக் கெட்டவர். ஒவ்வொரு நாளும் பின்னேரம் வெள்ளவத்தை வீட்டுக்குள் காலடி வைத்ததும், சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே, "இந்த ரயில் பயணம் என்னைத் திண்டு முடிக்கப்போகுது" என்று சொல்லிக்கொண்டு சாய்மனைக் கதிரையில் விழுவார். அப்படி விழுந்தால்தான் கோப்பி உடனே வரும். மகளின் கணக்குப் பாடம் அவர் பக்கம் வராது. கடைக்குப் போய் வாருங்கோ என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். கலியாணமான புதிதில் தற்செயலாகத் தொடங்கிய பழக்கம் அது. இத்தனை வருஷமாக ஒருநாள்கூடப் பலன் தராமல் போனதில்லை.

உண்மையைச் சொன்னால் ரயில் பயணம் அவரைத் தின்னவில்லை. அவர்தான் அதை ருசித்துத் தின்றுகொண்டிருந்தார்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு ஓரிரு வருஷங்கள் முந்திய காலம் அது. காலையில் வெள்ளவத்தை ஸ்டேஷனில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால், அரசாங்கமே கோட்டும் குடையுமாக வந்து ரயிலுக்குக் காத்து நிற்கிறதோ என்று நினைக்கத் தோன்றும். அத்தனை பேரும் கொழும்புக் கோட்டைக்குப் போகும் கிளாக்கர்மார். அந்தக் கூட்டத்தில் நாலு பேர் மாத்திரம் எப்போதும் கடைசிக்கு முதல் பெட்டியில்தான் ஏறுவார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பனியில் வேலை பார்த்த நமது சிவபாதசுந்தரம் ஒருவர். தந்தி ஆபீஸ் சிவானந்தன், கச்சேரி என்கிற அரசாங்க ஆபீசில் வேலை செய்த ஸ்ரீஸ்கந்தராசா, இன்சூரன்ஸ் கம்பனிப் பலீல் மற்ற மூவர். பலீல் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த சோனக முஸ்லிம். ஆனால் சீட்டென்று வந்தால் யாழ்ப்பாணத்தார் மூவரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்.

ரயில் அசைந்ததும் நாலு பேரின் முழங்கால்களுக்கும் மேலே அன்றைய பேப்பர் விரிக்கப்படும். அதன்மேல் சீட்டு விழும். முந்நூற்று நாலு என்ற விளையாட்டு. இரண்டு பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் மறுபக்கம். யார் கூடப் புள்ளி கேட்கிறாரோ கேள்வி அவருடையது; அவர் வெட்டுச் சீட்டான துரும்பைக் கவிழ்த்து வைப்பார். யாழ்ப்பாணத்தார் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் ஒன்றில் சங்கம் வைப்பார்கள், இல்லாவிட்டால் இதை விளையாடுவார்கள். பம்பலப்பிட்டியில் சண்டை தொடங்கும், கொள்ளுப்பிட்டியில் முற்றும், கொம்பனித்தெருவில் சமாதானமாகும், கோட்டையில் இறங்கும்போது தோளில் கைபோட்டுக்கொண்டு இறங்குவார்கள். ஜன்னலோர மூலை ஆசனம் சிவபாதசுந்தரத்துக்கு. பலீல் அவருடைய ஜோடி. ஆபீசில் அவர் துரைமார் கூப்பிட்டால் எழுந்து ஓடுகிற கிளாக்கர். வீட்டில் பேப்பருக்குப் பின்னால் இருக்கிற மனுஷன். இந்தப் பெட்டிக்குள் மாத்திரம் அவர் கேள்வி கேட்டால் நாலு ஆசனம் தள்ளி இருப்பவர்களும் கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் அவர் காலையில் கண் விழித்தார் என்றே சொல்லலாம்.

இது எதுவும் அவருடைய மனைவி அருந்ததிக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் ரயில் தன் புருஷனைத் தின்கிறது என்பதுதான். அவள் கெட்டிக்காரி, ஒரு குறையைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிற ஆளில்லை. ஒருநாள் பின்னேரம் கோப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு முன்னால் உட்கார்ந்தாள்.

"இஞ்சருங்கோ, கொட்டாஞ்சேனையிலை ஒரு வீடு பாத்திருக்கிறன்."

"ஆருக்கு?"

"எங்களுக்குத்தான். இஞ்சை குடுக்கிற வாடகையிலை பாதி. வீட்டுக்குள்ளையே குழாய்த் தண்ணி. உங்கடை ஆபீசுக்கு நடந்தே போகலாம். மத்தியானம் வந்து சுடச்சுடச் சாப்பிட்டுட்டுப் போகலாம். இனி உங்களுக்கு ரயில் எண்ட பேச்சே இல்லை."

சிவபாதசுந்தரம் கோப்பியைக் கீழே வைத்தார். கைக்கு எட்டிய காரணங்களையெல்லாம் எடுத்து வீசினார். கடற்காற்று? கொட்டாஞ்சேனையிலும் கடல் இருக்கிறதாம், துறைமுகத்துக் கடல். மகளின் பள்ளிக்கூடம்? அங்கே கொன்வென்ற் கூப்பிடு தூரத்தில் இருக்கிறதாம். கோயில்? கொச்சிக்கடைச் சிவன்கோயில் என்ன குறைச்சல்?

"நேசம்?" என்று கடைசியாகக் கேட்டார். நேசம் அடுத்த வீட்டுக்காரி. பகலில் அருந்ததியை வீட்டில் காணாவிட்டால் நேசத்தின் குசினியில் காணலாம்; இரண்டிலும் காணாவிட்டால் இருவரும் பின்வாசல் படியில் தண்டவாளத்துக்கு அப்பால் தெரிகிற கடலைப் பார்த்துக்கொண்டு கதைத்துக்கொண்டிருப்பார்கள்.

"நேசம் எங்கை ஓடிப்போறா? போய்ப் பாக்கிறதுதானே," என்று சொல்லிவிட்டு அருந்ததி அவசரமாக எழுந்து உள்ளே போனாள். அடுப்பில் அந்த நேரம் ஒன்றும் இருக்கவில்லை. சிவபாதசுந்தரம் தன் துக்கத்தில் இருந்தபடியால் அதைக் கவனிக்கவில்லை.

இவ்வளவு காலம் ரயிலைத் திட்டிய வாயால் இப்போது ரயில் நல்லது என்று எப்படிச் சொல்வது? சொன்னால் குடித்த கோப்பிக்கெல்லாம் கணக்குச் சொல்லவேண்டி வரும். அவர் தலையை ஆட்டினார். அருந்ததி நல்ல நாளும் பார்த்தே வைத்திருந்தாள். சாமான்களை மாட்டு வண்டிலில் ஏற்றி, புது வீட்டில் பால் காய்ச்சி, சாமிப் படம் வைத்து, ஒரு சுபமுகூர்த்தத்தில் குடும்பம் கொட்டாஞ்சேனைக்காரர் ஆகிவிட்டது.

வீடு நல்ல வீடு. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. குழாயில் தண்ணீர் வந்தது. அடுத்த வீட்டுப் பேச்சியம்மா நல்ல மனுஷி; அவளுடைய பிள்ளைகளோடு மகளும் பள்ளிக்கூடம் போய்வந்தாள். ஆபீஸோ இவ்வளவு கிட்ட இருக்குமென்று சிவபாதசுந்தரம் கனவிலும் நினைக்கவில்லை. வாயில் போட்ட வெற்றிலை சிவப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறார். முதல் வாரம் முழுக்கப் பியோன் வந்து கதவு திறக்கும்வரை வாசலில் காத்து நின்றார். மத்தியானம் வீட்டுக்கு வந்து சுடுசோற்றை விழுங்கிவிட்டு, ஒரு சின்னத் தூக்கம் போட்டுவிட்டு ஓடுவார். பின்னேரம் வெயில் இறங்குவதற்கு முன்பே வீட்டில் இருப்பார். அலுத்துக்கொள்ள ஒரு காரணமும் இல்லாமல் பேப்பரைப் பிரித்துவைத்துக்கொண்டு இருந்தார். மனுஷனுக்கு ஆயுசு நீண்டுவிட்டது, என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

இரண்டாம் வாரம் பலீலைத் துறைமுகத் தெருவில் கண்டார்.

"ஒங்கட எடத்தில இப்ப ஒரு பொடியன் வந்து குந்தியீக்கான்," என்றார் பலீல். "கையில நல்ல சீட்டு ஈக்கும். கேள்வி கேக்கப் பயம். நேத்து எண்ட துரும்பையே வெட்டிட்டான். நான் ரயிலால குதிக்காம வந்தது பெரிய காரியம்."

சிவபாதசுந்தரத்துக்கு வயிறு எரிந்தது. தன் மூலையில், தன் ஜன்னலோரத்தில், ஜோடியின் துரும்பை வெட்டுகிற ஒருவன். அன்றைக்கு ஆபீசில் அவர் கூட்டிய கணக்கு ஒன்றும் சரிவரவில்லை. அடுத்த நாள் விடியற்காலை எழும்பிக் குளித்து, கோட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

"இவ்வளவு வெள்ளெனவோ?" என்று கேட்டாள் அருந்ததி.

"முகத்துவாரம் கடற்கரைப் பக்கம் ஒரு நடை நடந்துட்டு அப்பிடியே ஆபீசுக்குப் போகப்போறன். இருந்து இருந்து உடம்பு வைக்குது."

"கோட்டோடையோ நடக்கப் போறியள்?"

"வெள்ளைக்காரர் எல்லாரும் கோட்டோடைதான் நடக்கிறவை."

முகத்துவாரம் வடக்கே இருக்கிறது. சிவபாதசுந்தரம் தெற்கே போனார். மட்டக்குளியிலிருந்து வெள்ளவத்தைக்கு ஓடும் ஒரு பழைய பஸ்ஸில் ஏறி, தன் ஆபீஸ் வாசலைக் கடந்து, கோட்டையைக் கடந்து, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி எல்லாம் கடந்து வெள்ளவத்தையில் இறங்கி, ஸ்டேஷனுக்கு ஓடி, கடைசிக்கு முதல் பெட்டியில் ஏறி, வந்த வழியே கோட்டைக்குத் திரும்பினார். அந்தப் பொடியன் நல்ல பிள்ளை. ஒரு சொல்லும் சொல்லாமல் மூலை ஆசனத்தை விட்டு எழும்பினான். சிவானந்தனும் ஸ்ரீஸ்கந்தராசாவும் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. அன்றைக்கு அவரும் பலீலும் ஒரு பிடிகூட விடாமல் அடித்து வென்றார்கள்.

இப்படியாக, பயணத்தைக் குறைக்க வீடு மாறிய மனுஷன் ஒவ்வொரு காலையும் முன்னையதைப்போல இரண்டு பங்கு பயணம் செய்யத் தொடங்கினார். வாடகையில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி ஒழுங்காகப் பஸ் கண்டக்டரிடம் போய்ச் சேர்ந்தது. அந்தச் சிங்களக் கண்டக்டர் தங்கமான ஆள். சில நாளிலேயே இவருடைய முகம் பழகிவிட்டது. கை காட்டத் தேவையில்லை. இவர் சந்தியில் நின்றால் பஸ் தானாக நிற்கும்.

மோசமான பகுதி என்னவென்றால், அருந்ததி அந்த நடையை நம்பினாள். நம்பியதோடு நில்லாமல் பெருமையும் பட்டாள். பேச்சியம்மாவுக்குச் சொன்னாள், கோயிலில் கண்டவர்களுக்குச் சொன்னாள். "இஞ்சை வந்த பிறகு இவர் ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை. ஒவ்வொருநாளும் விடிய எழும்பி நடக்கிறார். முகத்தைப் பாருங்கோ, எவ்வளவு தெளிவு," என்று அவள் சொல்வதைக் கேட்கும்போது சிவபாதசுந்தரம் தன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் பேப்பருக்குள் வைத்தார்.

அவளுடைய முகத்தை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அதில் அவ்வளவு தெளிவில்லை என்பது தெரிந்திருக்கும். இந்த வீட்டில் காற்று வராவிட்டாலும் புழுதி வராது என்பாள். கடல் தெரியாவிட்டால் என்ன, கப்பல் ஊதுவது கேட்கிறதே என்பாள். ஒரு வீட்டை இவ்வளவு புகழவேண்டி வந்தால் அங்கே ஏதோ குறை இருக்கிறதென்று அர்த்தம். அது புருஷன்மாருக்குக் கடைசியாகத்தான் விளங்கும்.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் அவள் சொன்னாள்:

"நாளைக்கு நானும் உங்களோடை நடக்க வாறன்."

சிவபாதசுந்தரம் பேப்பரை மடித்தார். "நீரோ? ஏன்? அது நல்ல தூரம். உமக்குக் கால் நோகும்."

"நொந்தால் இருந்துட்டு வருவம்."

"மகள்?"

"பேச்சியம்மாட்டைச் சொல்லிப்போட்டன். அவ தலை பின்னி அனுப்பிவிடுவா."

அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒழுங்கு செய்துவிட்டுத்தான் வாய் திறக்கிற பழக்கம். இன்னொரு தடை சொல்ல இடமில்லை. ஒருநாள்தானே, போகட்டும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். ஒருநாள் பலீல் அந்தப் பொடியனோடு விளையாடட்டும். முகத்துவாரம் வரைக்கும் நடந்து காட்டினால் அவள் களைத்து, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிடுவாள்.

காலையில் இருவரும் புறப்பட்டார்கள். அருந்ததி நல்ல சேலை ஒன்று உடுத்தியிருந்தாள். கடற்கரைக்கு நடக்கப் போகிறவள்போல இல்லை, கோயில் திருவிழாவுக்குப் போகிறவள்போல இருந்தாள். சந்திக்கு வந்தபோதுதான் சிவபாதசுந்தரத்துக்குத் தன் தவறு உறைத்தது. முகத்துவாரம் போகவும் அந்தச் சந்தியைத்தான் தாண்டவேண்டும். அந்த நேரம் பார்த்து அந்தப் பஸ்ஸும் வந்தது. அவர் வானத்தைப் பார்த்தார். பஸ் அவருக்கு நேரே வந்து தானாக நின்றது. கண்டக்டர் மிதிபலகையில் இருந்து குனிந்து, வாயெல்லாம் பல்லாக, "நகின்ன மாத்தயா," என்றான். ஏறுங்கள் ஐயா என்று அர்த்தம். அவர் அசையாததைக் கண்டு, "அத வெள்ளவத்த யன்னே நெத்த?" என்றும் கேட்டான்.

சிங்கள மரக்கறிக்காரனோடு தினமும் பேரம் பேசுகிற அருந்ததிக்கு இன்றைக்கு வெள்ளவத்தைக்குப் போகவில்லையா என்ற கேள்வி விளங்காமல் போகுமா?

"வெள்ளவத்தையிலை ஆர் இருக்கினம்?" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. அவளுடைய கண்ணில் நிற்பது கோபமல்ல, பயம் என்பதைச் சிவபாதசுந்தரம் கண்டார். அதைக் கண்டதும் பொய் சொல்ல எடுத்த வாய் உண்மையைச் சொல்லிவிட்டது.

"மூண்டு பேர்."

அருந்ததி அவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தாள். ஒருத்தி என்று சொல்லியிருந்தால் அந்தச் சந்தியிலேயே அழுதிருப்பாள். மூன்று பேர் என்றதும், அழுவதா இந்த மனுஷனுக்குக் காய்ச்சலோ என்று தொட்டுப் பார்ப்பதா என்று தெரியாதவள்போல நின்றாள்.

"ஏறுங்கோ," என்றாள். "நானும் பாக்கிறன்."

பஸ்ஸில் அவள் முன் ஆசனத்தில் இருந்தாள், அவர் பின்னால் இருந்தார். சீட்டு, ரயில், பலீல், துரும்பை வெட்டுகிற பொடியன் என்று பின்னாலிருந்து என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அவள் திரும்பவே இல்லை. வெள்ளவத்தை வரைக்கும் அவளுடைய கொண்டை மாத்திரந்தான் அவருக்குத் தெரிந்தது.

ஸ்டேஷனில் மூன்று பேரும் வழக்கமான இடத்தில் நின்றார்கள். பலீலின் கையில் சீட்டுக்கட்டு. அருந்ததியைக் கண்டதும் அது கோட்டுப் பைக்குள் போன வேகத்தைப் பார்க்கவேண்டும். சிவானந்தன் சிகரெட்டைக் காலில் போட்டு மிதித்தார். கச்சேரியில் பெரிய பெரிய ஆட்களை வாசலில் காக்கவைக்கிற ஸ்ரீஸ்கந்தராசா பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அருந்ததி ஒவ்வொருவராகப் பார்த்தாள். மீசை, மீசை, தாடி. அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். அந்த மூச்சில் வெள்ளவத்தைப் பயம் முழுக்க வெளியே போய்விட்டது. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது.

பெண்களுக்கென்று வேறு பெட்டி இருந்தும் அவள் இவர்களோடுதான் ஏறினாள். "விளையாடுங்கோ," என்றாள்.

விளையாடினார்கள். ஸ்ரீஸ்கந்தராசா துரும்பை மறந்தார். சிவானந்தன் மற்றவருடைய முறையில் சீட்டைப் போட்டார். ஆனால் சீட்டுப் பைத்தியம் பயத்தைவிடப் பெரியது. பம்பலப்பிட்டி கழிந்ததும் அவள் இருப்பதை நாலு பேரும் மறந்துபோனார்கள். சிவபாதசுந்தரத்துக்கு நல்ல கை விழுந்திருந்தது. பெரிதாகக் கேட்டார். எதிர்ப்பக்கம் நக்கலடித்தது. அவர் திருப்பி நக்கலடித்தார். சீட்டைப் பேப்பரில் ஓங்கி அடித்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து நிமிர்ந்தபோது அருந்ததி தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். சிரிப்பு அப்படியே நின்றது.

"பலீல் அண்ணை," என்றாள் அவள், "இவர் இந்த ரயிலிலை கம்பியிலை தொங்கிக்கொண்டு, இடிபட்டு நசிபட்டு வாறவர் எண்டுதான் நான் நினைச்சனான்."

"தொங்கிறயா? அல்லாஹ்வே," என்றார் பலீல். "நான் பழகின நாள்ல இருந்து இந்த மூல சீட் அவருக்கேண்டே ஈக்கிது. காத்து வாங்கிட்டு ராசா மாதிரி வருவாரு."

பலீல் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

கோட்டையில் மூன்று பேரும் சொல்லிக்கொள்ளாமல் கூட்டத்தோடு கலந்துவிட்டார்கள். மேடையில் சனம் வடியும்வரை அருந்ததி காத்து நின்றாள். பிறகு, கோபப்படாமல் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

"எனக்கு அந்த வீட்டை விட்டுட்டு வர எவ்வளவு கஷ்டமா இருந்தது தெரியுமோ? நேசம் அழுதா. நான் அழேல்லை, நீங்கள் பாத்திடுவியள் எண்டு. நீங்கள் களைச்சு விழுந்து வாறதைப் பாக்கேலாமல்தான் அந்த வீடு தேடினனான்."

"அருந்ததி..."

"கொட்டாஞ்சேனையிலை நாள் முழுக்க எனக்கு ஆரோடை கதை? மத்தியானம் வந்து சாப்பிட்டுட்டுப் படுக்கிறியள். பின்னேரம் பேப்பர். நடக்க வாறன் எண்டு சொன்னது நடக்கிறதுக்கில்லை. போற வழியிலையாவது என்னோடை கொஞ்சம் கதைப்பியள் எண்டு நினைச்சன்." அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "இவ்வளவு நல்லாச் சிரிப்பியள் எண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்."

இவ்வளவும் சொல்லிவிட்டு, நேசத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெள்ளவத்தை போகும் ரயிலில் ஏறிப் போய்விட்டாள்.

சிவபாதசுந்தரத்துக்கு அன்றைக்கு ஆபீசில் வேலை ஓடவில்லை. வெட்கமாக இருந்தது. கோப்பிக்காகச் சொன்ன ஒரு பொய்யை ஒருத்தி நம்பி, தன் சிநேகிதியையும் கடலையும் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். வந்த இடத்தில் தன் புருஷனையும் காணவில்லை. அவளோடு கடைசியாக எப்போது மனம்விட்டுக் கதைத்தோம் என்று யோசித்தார். ஞாபகத்துக்கு வரவில்லை. அவருக்கு அவள்மேல் அப்போது வந்த அன்பு கலியாணத்தன்றுகூட வந்ததில்லை.

பின்னேரம் வீட்டுக்குப் போய், பேப்பரைத் தொடாமல், நேரே குசினி வாசலில் போய் நின்றார்.

"நாளையிலையிருந்து நான் ரயிலுக்குப் போகேல்லை. பலீலுக்கு ஆள் அனுப்பிப்போட்டன்."

அருந்ததி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. "அந்தாளை ஏன் அந்தப் பொடியனோடை விட்டு வதைக்கிறியள்? பாவம்," என்றாள். இன்னும் இரண்டு இழுப்புத் துருவிய பிறகு கேட்டாள்: "நாளைக்கு பஸ் எத்தினை மணிக்கு?"

அப்படித்தான் அந்த ஏற்பாடு தொடங்கியது. காலையில் இருவரும் ஒன்றாகப் பஸ் ஏறுவார்கள். வெள்ளவத்தையில் அவர் ரயிலுக்குப் போவார், அவள் நேசத்திடம் போய்ச் சற்று இருந்துவிட்டு மத்தியானச் சமையலுக்குத் திரும்பிவிடுவாள். வாடகை குறைந்த வீட்டில் இருந்துகொண்டு, விட்டுவந்த ஊருக்கு நாள்தோறும் புருஷனும் பெண்சாதியுமாகப் போய்வருகிற குடும்பம் கொழும்பிலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். கண்டக்டருக்குப் பெரிய சந்தோஷம். பின்னால் இரண்டு பேர் இருக்கக்கூடிய ஆசனத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பான்.

பஸ்ஸில் பேப்பர் வாசிக்க முடியாது, அவ்வளவு குலுக்கம். ஆகையால் சிவபாதசுந்தரம் அவள் சொல்வதைக் கேட்டார். முதல் நாள் பிராயச்சித்தமாகத்தான் கேட்டார். இரண்டாம் நாள் இடையிடையே சிரித்தார். ஒரு வாரத்தில், முந்தின நாள் எங்கே விட்டாள் என்று அவரே எடுத்துக்கொடுக்கத் தொடங்கினார். அருந்ததி கதை சொல்லத் தெரிந்தவள். பேச்சியம்மாவைப் போலப் பேசிக் காட்டுவாள், கோயில் ஐயரைப் போல மூக்கால் இழுப்பாள், பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரியைப் போல உதட்டைச் சுருக்குவாள். இத்தனை காலமும் இதையெல்லாம் நேசம் தனியாக அனுபவித்திருக்கிறாள் என்று நினைக்க அவருக்குச் சிறிது பொறாமையாகக்கூட இருந்தது.

பிறகு ஒரு காலை. வீட்டுச் சொந்தக்காரர் கூரை ஒழுகுகிற இடத்தைப் பார்க்க வந்த கதை நடந்துகொண்டிருந்தது. மேசனுக்குக் கூலி கொடுக்க மனமில்லாமல், பட்டு வேட்டியும் தங்கப் பித்தானுமாகத் தானே ஏணியில் ஏறிக் கூரைக்குப் போனவர் அவர். ஆள் நல்ல பருமன். மேலே ஓடு உடைகிற சத்தத்தைக் கேட்ட பேச்சியம்மா, கள்ளன்தான் ஏறியிருக்கிறான் என்று நினைத்து ஏணியை எடுத்து ஒளித்துவிட்டுத் தும்புக்கட்டை விளக்குமாற்றோடு கீழே காவல் நிற்கிறாள். அருந்ததி அந்த இடத்துக்கு வந்தபோது பஸ் வெள்ளவத்தையில் நின்றது. இறங்கி ஸ்டேஷனுக்குப் போகிற ஒழுங்கையில் பாதி தூரம் வந்திருப்பார்கள். தெகிவளைப் பக்கமாக ரயில் ஊதிக் கேட்டது.

"ரயில் வருது, ஓடுங்கோ," என்றாள் அருந்ததி.

சிவபாதசுந்தரம் இரண்டடி ஓடினார். நின்றார். திரும்பி வந்தார்.

"மேலை நிண்ட மனுசன் என்ன சொன்னவர்?"

"பின்னேரம் சொல்லுறன், முதலிலை போங்கோ. உங்கடை ஆக்கள் காத்துக்கொண்டு நிப்பினம்."

"இல்லை, இப்ப சொல்லும்."

ரயில் வந்து நின்றது. கடைசிக்கு முதல் பெட்டியின் மூலை ஜன்னலால், ஏறி உட்கார்ந்துவிட்ட பலீலின் தலை வெளியே வந்து அங்குமிங்கும் தேடியது. ஒழுங்கையில் இருவரையும் கண்டுபிடித்து, சீட்டுக்கட்டை உயர்த்திக் காட்டிக் கையால் வா வா என்றது. சிவபாதசுந்தரம் போங்கோ என்று கை காட்டினார். பலீலுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது போலும். தலை உள்ளே போய்விட்டது. ரயில் கடற்கரையோரமாகக் கோட்டையை நோக்கிப் போயிற்று.

அருந்ததி ரயிலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"ஆபீசுக்குப் பிந்தப் போகுது," என்றாள்.

"பிந்தட்டும். ம், அந்த மனுசன் கூரையிலை நிக்கிறார். நீர் சொல்லும்."

"முதலிலை அவர் மரியாதையாத்தான் கூப்பிட்டுப் பாத்தவர்," என்று அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடங்கினாள்.